ஈஆர்பி 9-லிருந்து பிரைமுக்கு: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்குக் கரூரிலேயே மாற்றல் கிடைத்துவிட்டதைப் படித்ததும் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இங்கே அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வேளாவேளைக்குச் சொட்டு மருந்து விடத்தான் ஆள் வேண்டியிருக்கிறது.

சரி, உன் பார்ட்டியை (கஸ்டமரை) பழைய டேலி கணக்கு சாஃப்ட்வேரிலிருந்து புதிய டேலி பிரைமுக்கு எப்படி மாற்றுவது என்று நீ கேட்ட விஷயம். அவர் இன்னும் பழைய டேலி ஈஆர்பி 9-ல் ஓட்டிக்கொண்டு, "நல்லா ஓடுற வண்டியை எதுக்குப்பா பிரிக்கணும்" என்கிறாராமே. பிரைம் வந்ததே 2020 நவம்பரில், அதற்கப்புறம் ஜிஎஸ்டியில் எவ்வளவு மாறிவிட்டது பார். ஈ-இன்வாய்ஸ், அதாவது அரசு போர்ட்டலில் பதிவாகிற பில், 500 கோடி டர்னோவர் உள்ளவர்களுக்குக் கட்டாயம் என்று ஆரம்பித்து, 2023 ஆகஸ்டில் 5 கோடிக்கு இறங்கிவிட்டது. பிரைமில் பில்லை சேவ் செய்யும்போதே ஐஆர்என்னும் (அந்தப் பில்லுக்கு போர்ட்டல் தரும் பதிவு எண்) க்யூஆர் கோடும் வந்து உட்கார்ந்துவிடும், போர்ட்டலில் தனியாக ஏற்ற வேண்டியதில்லை. அவர் நிறுவனம் பிரைவேட் லிமிடெட் என்றால் யோசிக்கவே வேண்டாம்: யார், எப்போது, எந்த என்ட்ரியைத் திருத்தினார்கள் என்று பதிவாகிற, அணைக்க முடியாத எடிட் லாக் உள்ள சாஃப்ட்வேரில்தான் கணக்கு இருக்க வேண்டும் என்று 2023 ஏப்ரல் 1 முதல் சட்டம். பார்ட்னர்ஷிப் என்றால் அந்தக் கட்டாயம் இல்லை, அதையும் அவரிடம் நேராகச் சொல்லிவிடு. அபராதம் வரும் என்று பயமுறுத்தி லைசென்ஸ் விற்பது எனக்குப் பிடிக்காது, உனக்கும் பிடிக்காது என்று தெரியும்.

ஆனால் முதலாளியைவிட முக்கியமாக நீ பேச வேண்டியது, அங்கே கணக்கு எழுதுகிற அந்த அக்காவிடம். பல வருஷமாக ஸ்க்ரீனைப் பார்க்காமலே அடிக்கிற கை அது. விற்பனைக்கு எஃப்8, கொள்முதலுக்கு எஃப்9 எல்லாம் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் கிரெடிட் நோட்டுக்கு கன்ட்ரோல் எஃப்8 அடித்துப் பழகியவர் இனி ஆல்ட் எஃப்6 அடிக்க வேண்டும், டெபிட் நோட்டுக்கு ஆல்ட் எஃப்5. இங்கே திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ரிட்டர்ன் சரக்கு வந்துகொண்டே இருக்கும், அதனால் இந்த இரண்டு கீயில்தான் முதலில் தடுமாறுகிறார்கள். நான் இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டர் ஓரத்தில் ஒட்டிவிடுவேன், கூடவே ஆல்ட் ஜி என்றும் எழுதிவிடுவேன். எந்த ரிப்போர்ட் எங்கே போச்சு என்று தேட வேண்டாம், பேரை அடித்தால் வந்து நிற்கும். முதல் வாரம் தினமும் ஒரு எட்டு போய்விட்டு வா. அந்த அக்கா "பழசே நல்லா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டால் முதலாளியும் அதையேதான் சொல்வார்.

டேட்டா மாற்றுவதை 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1 (விற்பனைக் கணக்கு), 20-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-3பி (வரி கட்டும் ரிட்டர்ன்) எல்லாம் முடிந்த பிறகு வைத்துக்கொள். இங்கே ஒரு நிட்டிங் யூனிட்டில் யாரோ 10-ஆம் தேதி சாயங்காலம் பேக்கப்கூட எடுக்காமல் மாற்றிவிட்டுப் போய்விட்டார்கள். ஜாப் ஒர்க் சலான் பிரிண்டுக்குப் போட்டிருந்த டிடிஎல் (டேலியில் நம் தேவைக்கு எழுதிச் சேர்க்கும் புரோகிராம்) புதிதில் ஓடவில்லை, லோடு ஏற்றிய வண்டி வாசலிலேயே நின்றது. பிரைம் 3.0-க்கு மேல் ஒரு தடவை மைக்ரேட் ஆன டேட்டா பழைய வெர்ஷனில் திறக்காது மாப்ளே. அதனால் பழைய ஃபோல்டரைத் தொடாமல் விட்டு, காப்பி எடுத்து அதை மாற்று. முன்னாடியே ட்ரயல் பேலன்ஸ், ஸ்டாக் சம்மரி, அவுட்ஸ்டாண்டிங் (வர வேண்டிய, தர வேண்டிய பாக்கி) மூன்றையும் பிரிண்ட் எடுத்து வைத்து, மாற்றியதும் அந்த அக்காவையே பக்கத்தில் உட்காரவைத்து ஒத்துப்பார். மல்டி யூசர் என்றால் எல்லா மெஷினிலும் ஒரே ரிலீஸ் இருக்க வேண்டும்.

மாற்றின பிறகு ஜிஎஸ்டிஆர்-1 ரிப்போர்ட்டைத் திறந்தால் 'அன்சர்ட்டன்' என்று ஒரு எண்ணிக்கை காட்டும், பார்த்துப் பயப்படாதே. மாநிலம் போடாத லெட்ஜர், ஹெச்எஸ்என் (சரக்கு வகைக்கான கோடு) இல்லாத ஐட்டம் என்று இத்தனை நாள் கண்ணில் படாமல் கிடந்ததெல்லாம்தான் அது. மாஸ்டரில், அதாவது லெட்ஜர், ஐட்டம் விவரங்கள் இருக்கிற இடத்தில், திருத்தினால் குறைந்துவிடும். அப்படியே ஐட்டம் ரேட்டையும் பார்த்துவிடு. 2025 செப்டம்பர் 22 முதல் ரெடிமேடுக்கு ஒரு பீஸ் 2,500 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 18%. பழைய 12% இன்னும் நிறைய மாஸ்டரில் அப்படியே இருக்கிறது.

அவர் எந்த ரிலீஸில் இருக்கிறார், டிஎஸ்எஸ் (டேலி அப்டேட்டுக்கான சந்தா) உயிரோடு இருக்கிறதா என்று பார்த்து எழுது. டிடிஎல் ஃபைல் இருந்தால் அதையும் அனுப்பு, இங்கே பிரைமில் போட்டுப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் திருப்பூர் மாப்ளே