நிப்ளிக்குக்குத் தோல் வேண்டும்

மாப்ளே,

அப்பா காரியத்துக்கு வந்து மூன்று நாள் கூடவே இருந்துவிட்டுப் போனாய், அதற்கப்புறம் நான் ஒரு வரி எழுதவில்லை. நீ போன் பண்ணியபோதும் "அப்புறம் பேசறேன்" என்று இரண்டு முறை வைத்துவிட்டேன். பேச வரவில்லைடா, அவ்வளவுதான். கோபம் இருந்தால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபித்துக்கொள், ஏனென்றால் உன்னிடம் ஒரு வேலை இருக்கிறது. அக்கா முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே எல்லோரும் நலம். ஊட்டியில் மழை விட்டபாடில்லை. நம் கூட்டாளி மண்டை போன வாரம் வந்து கோல்ஃப் மைதானத்து மூணாவது குழிப் பசுக் கதையை முதலிலிருந்து சொல்லிவிட்டுப் போனான்.

விஷயத்துக்கு வருகிறேன். பரணைச் சுத்தம் செய்யும்போது அந்தச் சாக்குக் கட்டு கிடைத்தது. சீமைக்குத் திரும்பிப் போன எஸ்டேட் துரை, லிங்க்ஸில், அதுதான் நம் கோல்ஃப் மைதானத்தில், தன் பையை அத்தனை வருடம் தூக்கிய அப்பாவுக்குக் கொடுத்துவிட்டுப் போன மூன்று கிளப், கோல்ஃப் மட்டை. நடுத்தூரத்துக்கு அடிக்கிற மாஷி ஒன்று, பந்தை உயரத் தூக்கி அடிக்கிற நிப்ளிக் ஒன்று, குழிக்குள் உருட்டிவிடுகிற பட்டர் ஒன்று. மூன்றுக்கும் ஹிக்கரி மரத் தண்டு. கோல்ஃபுக்கு விதி போடுகிற ஸ்காட்லாந்து செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர்கள் எஃகுத் தண்டை ஒத்துக்கொண்டதே 1929-இல்தான், அதனால் இவை எப்படியும் அந்தக் காலத்துப் பொருள். தலை துருப்பிடித்திருக்கிறது, தண்டு நேராக இருக்கிறது. கைப்பிடியில் சுற்றின தோல்தான் அங்கங்கே போயிருந்தது.

வெளியூர்க் கடை ஒன்றில் காட்டினேன். தோலைப் பிய்த்துவிட்டு ரப்பர் கிரிப் போட்டுவிடலாம், பத்து நிமிட வேலை என்றார் அந்த ஆள். எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. ரப்பர் கிரிப்பின் துளை எஃகுத் தண்டின் அளவுக்கு விட்டது, ஹிக்கரியோ பிடிக்கிற இடத்தில் தடிமன் அதிகம். இழுத்து ஏற்றினால் கிழியும், ஏறினாலும் உலக்கை மாதிரி ஆகிவிடும். அதோடு ரப்பர் 50 கிராம் பக்கம் வரும். கைப்பக்கம் கனம் ஏறினால் தலையின் கனம் கைக்குத் தெரியாது. தலை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் எப்படி வீசுவது? சாக்குக் கட்டைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நானே உட்கார்ந்தேன். மாஷியில் தோல் நன்றாகத்தான் இருந்தது, கீழ் முனையில் மட்டும் கட்டு அவிழ்ந்து இரண்டு சுற்று தளர்ந்திருந்தது. ஈரத்துணியில் தோலுக்குப் போடுகிற சேடில் சோப்பு தொட்டுத் துடைத்து, நிழலில் இரண்டு நாள் காயவைத்து (வெயிலில் வைத்தால் தோல் அப்பளம் ஆகிவிடும்), கோத்தகிரியில் வாங்கிய தேன்மெழுகைத் துளி தடவினேன். தளர்ந்த சுற்றை இழுத்துப் பிடித்து, செருப்புத் தைக்கிற மெழுகு நூலால் கட்டினேன். உடைந்த பேட்டுக்கு நீ கட்டுவாயே, முனையை உள்ளே விட்டு, மேலே சுற்றி, கடைசியில் ஒரு கண்ணி வைத்து உள்ளுக்கு இழுத்து, முடிச்சே வெளியே தெரியாமல், அதே கட்டுதான்! விரல் மறக்கவில்லை.

பட்டரைத் தொடவில்லை. அதில் இடது கட்டைவிரல் படுகிற இடம் கறுத்து, புளியங்கொட்டை அளவுக்குக் குழிந்திருக்கிறது. துரை விரல் பாதி, அப்பா விரல் பாதி இருக்கும். என் விரலை வைத்துப் பார்த்தேன். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

நிப்ளிக்தான் பிரச்சினை. கையில் எடுத்தால் உள்ளங்கை முழுக்கச் சிவப்புப் பொடி. தோல் மக்கிவிட்டது, இனி எந்த எண்ணெயும் அதைக் காப்பாற்றாது. ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டுத்தான் பிரித்தேன். தோலுக்கு அடியில் கம்பளித் துணி நாடா ஒன்று சுற்றியிருந்தது, கைக்கு மெத்தென்று இருப்பதற்காக. அது இன்னும் உறுதியாக இருக்கிறது. கைப்பிடியின் மேல் நுனியில் தோலைப் பிடித்திருந்த ஆணியைப் பார்த்ததும்தான் எனக்கு மூச்சு நின்றது. துரை ஊர் ஆணி இல்லை மாப்ளே, நம்மூர் செருப்பு ஆணி, கொஞ்சம் சாய்வாக அடித்தது. அப்பா எப்போதோ தோலைக் கழற்றி மறுபடி சுற்றியிருக்கிறார். எப்போது செய்தார், நான் ஏன் பார்க்கவில்லை? ஒரே வீட்டில்தானே இருந்தேன். கிளப்பைப் பற்றி அவரிடம் நான் ஒரு கேள்வி கேட்டதில்லை.

சரி, இப்போது உன் வேலை. திண்டுக்கல்லில் பட்டை போட்டுப் பதப்படுத்தின ஈ.ஐ. தோல், ஈஸ்ட் இந்தியா தோல், கிடைக்குமே, அதில் கன்றுத்தோல் வேண்டும். அந்தக் காலத்திலேயே மெட்ராஸிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறின தோல் அது. நாம் பந்து பொறுக்கின சீகைக் காட்டு மரத்தின் (வாட்டில் மரம்தான்) பட்டையும் தோல் பதனிடுகிற பட்டைதான். வெட்டிய ஓரத்தைப் பார்த்து வாங்கு. நீலச்சாம்பலாகத் தெரிந்தால் பட்டைக்குப் பதில் குரோம் உப்பில் பதப்படுத்தினது, வேண்டாம், அது இழுத்தால் இழுத்தபடி போகும். உள்வரைக்கும் ஒரே பழுப்பாக இருக்கணும். கனம் 1 மில்லிமீட்டர், அகலம் 25, நீளம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல். ஒரே துண்டாக வாங்கு, ஒட்டுப்போட்டால் அந்த இடம் கையில் தட்டிக்கொண்டே இருக்கும். ஓரத்தை நானே சீவிக்கொள்கிறேன். இதே அளவில் இரண்டு வாங்கு, முதலாவது பழகுவதற்கு.

கூரியரில் அனுப்பாதே, எடுத்துக்கொண்டு வா. சுற்றும்போது தண்டை ஒருத்தர் பிடித்துத் திருப்பணும், தோலை ஒருத்தர் விடாமல் இழுத்துப் பிடிக்கணும். மண்டையை நம்ப முடியாது, பாதியில் பசுக் கதை ஆரம்பித்துவிடுவான். நூல், மெழுகு எல்லாம் இருக்கிறது. ஆணியை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டிருக்கிறேன், அதையேதான் திரும்ப அடிக்கப் போகிறோம்.

அக்காவிடம் கேட்டதாகச் சொல். ஸ்வெட்டர் எடுத்துக்கொண்டு வா, போன தடவை மாதிரி என்னுடையதைப் போட்டுக்கொண்டு போய்விடாதே.

உன் மாப்ளே