நீலச் சட்டை லக்கி லூக்

பாப்பா,

நீ அனுப்பிய போட்டோவை நேற்று ராத்திரி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிரஸ்ஸல்ஸில் ஒரு வீட்டுச் சுவர் முழுக்க காமிக்ஸ் கௌபாய் லக்கி லூக்கும் அவர் துரத்தும் கொள்ளைக்காரர்கள் டால்டன் சகோதரர்களும்! "அப்பா, உங்க ஆளு" என்று எழுதியிருந்தாய். என் ஆள்தான்.

லக்கி லூக் பெல்ஜியத்தில் பிறந்தவர் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. மோரிஸ் 1946-இல் படைத்தார், 1955-இலிருந்து கோசினி கதை எழுதினார் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. கோவில்பட்டியில் ஏழாவது படித்த பையனுக்கு அவர் சிவகாசியிலிருந்து வருகிறவர். சின்ன அளவு லயன் காமிக்ஸ், கருப்பு வெள்ளையில், பஸ் ஸ்டாண்டு கடைக் கயிற்றில் தொங்கும். பெல்ஜியத்தில் அது பெரிய தாளில் முழு வண்ணத்தில் வரும் ஆல்பம் என்று எனக்கு யார் சொல்ல? ஸ்கெட்ச் பேனா எடுத்து அவர் சட்டைக்கு நானே நீலம் அடித்தேன். 2012-க்கு அப்புறம் தமிழில் வண்ணத்தில் வந்தவற்றைப் பார்த்தபோதுதான் அது மஞ்சள் சட்டை என்று தெரிந்தது. அந்தப் பழைய புத்தகம் இன்னும் பரணில் இருக்கிறது. எனக்கு இன்றும் நீலம்தான் பிடிக்கிறது.

ஆனால் மனசில் ஆழமாக இறங்கியது 'இரத்தப் படலம்'. அங்கே அதன் பெயர் 'XIII'. வான் ஹாம் எழுத, வான்ஸ் வரைய, 1984-இல் தொடங்கிய தொடர். நினைவு தொலைந்த ஒருவன், உடம்பில் பச்சை குத்திய ஒரு எண், அதை வைத்துத் தான் யார் என்று தேடுகிறான். இங்கே ஒரு பாகம் வந்தால் அடுத்த பாகம் எப்போது வரும் என்று தெரியாது. 2010-இல் பதினெட்டுப் பாகங்களையும் ஒரே புத்தகமாகப் போட்டார்கள். "இது தலையணையாப்பா?" என்று கேட்டாய். உனக்கு ஏழு வயசு.

அதன் தொடக்கம் உனக்கு நினைவிருக்கிறதா? குண்டடிபட்டுக் கடலோரம் ஒதுங்கியவனை ஒரு வயசான தம்பதி வீட்டுக்குத் தூக்கிவந்து காப்பாற்றுகிறார்கள். இறந்துபோன தங்கள் மகனின் பெயரையே அவனுக்கு வைத்து ஆலன் என்று கூப்பிடுகிறார்கள். பன்னிரண்டு வயசில் அந்தப் பக்கங்களை வேகமாகத் தாண்டிப் போவேன், துப்பாக்கிச் சண்டை எங்கே என்று. நீ ஊரைவிட்டுப் போன பிறகு ஒருநாள் எடுத்துப் படித்தேன். அந்த அம்மாள் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் இடத்தைத் தாண்ட முடியவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

சரி, ஒரு உதவி செய். அந்த முதல் ஆல்பத்தைப் பிரெஞ்சில் வாங்கு. பழைய பிரதியாக இருந்தாலும் போதும், பணம் அனுப்புகிறேன். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் பேசும்போது அந்தப் பக்கங்களை மட்டும் நீ வாசி. நான் இங்கே தமிழ்ப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா