நட்ட மரத்தை மூன்று வருடம் கழித்தும் படம் எடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடியிருப்புப் பகுதிகளில் ஜிங்கோ மரம் நடுவதைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மரம் நடும் குழு ஒன்றில் சில வருடங்கள் வேலை செய்தவன் என்பதால், அதில் விடுபட்டுப்போன சிலவற்றைச் சொல்லத் தோன்றியது.

ஜிங்கோவின் பெருமையில் எனக்கு மறுப்பே இல்லை. அதன் வம்சத்தில் இன்று உயிரோடு மிஞ்சியிருப்பது அது ஒன்றுதான், உறவெல்லாம் புதைபடிவங்களாகிவிட்டன. 1945இல் ஹிரோஷிமாவில் அணுகுண்டு வெடித்த இடத்திலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் கருகி நின்ற ஜிங்கோ மரங்கள் மறுபடி துளிர்த்தன. வண்டிப் புகை, இறுகிப்போன மண், பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு எல்லாவற்றையும் தாங்கும். இலையுதிர்காலத்தில் விசிறி இலைகள் பொன்மஞ்சளாகி, ஓரிரு நாளில் மொத்தமாகக் கொட்டும் அழகைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

ஆனால் கன்று வாங்கும்போது முதலில் கேட்க வேண்டியது, இது ஆணா பெண்ணா என்பதைத்தான். ஜிங்கோவில் இரண்டும் தனித்தனி மரங்கள். பெண் மரத்து விதையின் மேல்சதை விழுந்து நசுங்கினால் கெட்டுப்போன வெண்ணெயின் நாற்றம் அடிக்கும். கெட்ட வெண்ணெய், இந்த விதைச்சதை, இரண்டின் நாற்றத்துக்கும் காரணம் ஒன்றே, பியூட்ரிக் அமிலம். செருப்பில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குள்ளும் வந்துவிடும். கையில் பட்டால் சிலருக்குத் தோல் தடித்து அரிக்கும். விதை போட்டு வளர்த்த கன்று ஆணா பெண்ணா என்று தெரிய 20 வருடம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதற்குள் தெருவே அந்த நிழலுக்குப் பழகியிருக்கும். தென்கொரியாவின் சியோலில் நன்றாக வளர்ந்து நின்ற பெண் மரங்களை அகற்றிவிட்டு ஆண் மரங்களை வைத்தது இந்த நாற்றத்தால்தான். எனவே நடைபாதை ஓரத்துக்கு, ஆண் மரத்துக் கிளையை ஒட்டுக்கட்டி வளர்த்த கன்றுதான் சரி. பெண் மரம் வேண்டுமென்றால், ஆள் நடமாட்டம் குறைந்த பூங்காவின் மூலையில் வைக்கலாம்.

குளிர்காலம் உண்மையாகவே குளிராக இருக்கும் இடங்களுக்கான மரம் இது. வருடம் முழுக்க வெயில் அடிக்கும் ஊர்களில், பேர் கேட்டு ஆசைப்பட்டு நடுவது கன்றுக்குச் செய்யும் அநியாயம். அப்புறம், பூச்சி அரிக்காத மரம் என்று கட்டுரை பாராட்டியிருந்தது. உண்மைதான். ஆனால் புழு உண்ணாத மரத்தில் புழு தேடும் பறவைக்கு என்ன கிடைக்கும்? தெரு முழுவதும் ஜிங்கோவையே வரிசையாக நட வேண்டாம். இடையிடையே அந்த மண்ணுக்குரிய மரங்களும் இருக்கட்டும்.

எனக்கு மனதை வருத்துவது தண்ணீர் விஷயம். ஜிங்கோ மெதுவாக வளரும்; வேர் பிடிக்கும் முதல் இரண்டு மூன்று வருடம் கோடையில் விடாமல் தண்ணீர் வேண்டும். எல்லாம் தாங்கும் மரம் என்ற பேரை நம்பி, நட்டு முடித்ததும் நாங்கள் கலைந்துபோனோம். இரண்டாவது கோடைக்குப் பிறகு போய்ப் பார்த்தால், பாதிக் கன்றுகள் குச்சியாக நின்றன. அடுத்த முறை ஒவ்வொரு கன்றையும் எதிரில் இருக்கும் ஒரு வீட்டாரிடம் ஒப்படைத்தோம். குழந்தைகள் வாளியோடு வந்தார்கள். ஒரே தெருவில் இருந்தும் பேசிக்கொள்ளாதவர்கள் கன்றைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். அந்தக் கன்றுகள் பிழைத்துக்கொண்டன.

சீனத்தில் இதற்குத் தாத்தா-பேரன் மரம் என்று ஒரு பெயர் உண்டு. தாத்தா நட்டால் பேரன் காலத்தில்தான் காய்க்கும் என்பதால் வந்த பெயர். அத்தனை காலம் நிற்க வேண்டிய மரத்துக்காக உங்களிடம் ஒரு வேண்டுகோள். மரம் நடு விழாப் படங்களை நீங்கள் தவறாமல் வெளியிடுகிறீர்கள், மகிழ்ச்சி. மூன்று வருடம் கழித்து அதே இடத்துக்கு ஒருவரை அனுப்பி, எத்தனை கன்று நிற்கிறது என்று படத்தோடு வெளியிடுவீர்களா?

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்