நிற்கிற வண்டியின் எஞ்சினை அணைக்க வையுங்கள்: வேலூர் மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மனு

அனுப்புநர்
டீசல் பம்ப் மெக்கானிக் (தொழிலை விட்டவர்),
காகிதப்பட்டறை, வேலூர்.

பெறுநர்
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
சத்துவாச்சாரி, வேலூர்.

பொருள்: ஐடா ஸ்கடர் சாலையிலும் புதிய பேருந்து நிலையத்திலும் எஞ்சினை அணைக்காமல் நிற்கும் வாகனங்களின் புகையைக் கட்டுப்படுத்த வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

முப்பத்திரண்டு வருடம், எஞ்சினுக்குள் டீசலைத் தெளிக்கிற பம்பும் நாசிலும் கழற்றி மாட்டியவன் நான். வண்டி பட்டறைக்குள் நுழையும்போதே புகையைப் பார்த்துப் பாதி வியாதியைச் சொல்லிவிடுவோம். கரும்புகை என்றால் ஏர் ஃபில்டர் அடைத்திருக்கும், இல்லாவிட்டால் நாசில் ஒழுகும். நீலம் கலந்து வந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது. இழுவை பத்தவில்லை, டீசலைக் கொஞ்சம் கூட்டி வை என்று கேட்ட ஓனர்களுக்கு நானும் கூட்டி வைத்துக் கொடுத்திருக்கிறேன். ஊர்ப் புகையில் என் கைக்கும் பங்குண்டு என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன்.

என் மனைவிக்கு இளைப்பு. மாதம் இரண்டு தடவை ஐடா ஸ்கடர் சாலையில் உள்ள சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறேன். உள்ளே டாக்டர் மருந்து கொடுக்கிறார். வெளியே வந்து ஆட்டோ பிடிப்பதற்குள் மறுபடி இருமல் பிடித்துக்கொள்கிறது. போன மாதம் எதிரில் ஒரு பஸ் பதினொரு நிமிடம் நின்றது. ஆள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் பின்னால் சக்கர நாற்காலியில் ஒரு அம்மா. வங்காளத்திலிருந்து வந்தவர் போலிருக்கிறது, பேச்சு எனக்குப் புரியவில்லை. சைலன்சர் வாயும் அவர் முகமும் ஏறக்குறைய ஒரே உயரம். முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு, நாற்காலியை நகர்த்தச் சொல்லி மகனுக்குச் சைகை காட்டினார். நகர்த்த இடமில்லை. பக்கத்தில் வாடகைக் கார் ஒன்று ஏ.சி.க்காக எஞ்சினை ஓடவிட்டு நின்றது.

அன்று பட்டறைப் பழக்கம் ஒன்று ஞாபகம் வந்தது. வெள்ளைத் துணியைச் சைலன்சர் வாயில் பிடித்துப் பார்ப்போம். மறுநாள் காலை எட்டு மணிக்கு ஒரு புதுக் கைக்குட்டையை அந்த நிறுத்தத்துக்கு அருகில் கம்பியில் கட்டிவிட்டு, மாலை ஆறு மணிக்கு அவிழ்த்தேன். சாலைத் தூசியும் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் தூசி உதறினால் போய்விடும். கைக்குட்டையில் படிந்த கறுப்பு போகவில்லை. விரலால் தேய்த்தால் கண் மை போல இழுபடுகிறது. அது டீசல் கரி. டீசல் எஞ்சின் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-லேயே அறிவித்துவிட்டது. அந்தச் சாலைக்குப் புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கவும்தான் ஜனங்கள் வருகிறார்கள்.

டிரைவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. ஏன் அணைப்பதில்லை என்று பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டே கேட்டுப் பார்த்தேன். ஒருவர் சிரித்தார். "அணைச்சா செல்ஃப் எடுக்காதுண்ணே, தள்ள நீங்க வர்றீங்களா?" என்றார். உண்மை அதுதான். பேட்டரி கிழடு, எஞ்சினைக் கிளப்புகிற செல்ஃப் மோட்டாரில் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். காலையில் ஒரு தரம் எப்படியோ ஸ்டார்ட் செய்தால் ராத்திரி வரை அணைக்கப் பயம். இன்னொருவர், அணைத்தால் பிரேக்குக்கான ஏர் இறங்கிவிடும், பிரேக் பிடிக்காது என்றார். பத்து நிமிடத்தில் ஏர் இறங்குகிறது என்றால் எங்கோ லீக் இருக்கிறது. அந்த வண்டி ரோட்டுக்கே வந்திருக்கக் கூடாது. டர்போ எஞ்சினை உடனே அணைக்கக் கூடாதே என்பார்கள், அதற்கு ஒரு நிமிடம் போதும்.

ஆகவே வெறும் உத்தரவு போட்டால் நடக்காது என்பது என் தாழ்மையான கருத்து. நிலையத்திலும் ஆஸ்பத்திரி வாசலிலும் இரண்டு நிமிடத்துக்கு மேல் நிற்கும் எந்த வண்டியும் எஞ்சினை அணைக்க வேண்டும் என்று அறிவிப்புப் பலகை வையுங்கள். சித்தூர் பக்கத்து வண்டிகளும் வருவதால் தெலுங்கிலும் எழுதுங்கள். அதற்கு முன்பாக, அரசு பஸ்ஸோ தனியார் பஸ்ஸோ, பேட்டரியும் செல்ஃப் மோட்டாரும் சோதித்து மாற்ற ஒரு மாதம் கெடு கொடுங்கள். அணைத்த வண்டி ஸ்டார்ட் ஆகாமல் டிரிப் தாமதமானால் டிரைவருக்கு மெமோ கொடுக்கக் கூடாது என்றும் சொல்லுங்கள். இந்த ஒன்றைச் செய்தாலே பாதி வேலை முடியும். பஸ் எஞ்சின் ஒரு மணி நேரம் சும்மா ஓடினால் ஒரு லிட்டருக்கு மேல் டீசல் போகும். புது பேட்டரியின் விலையை அந்த டீசலே திருப்பிக் கொடுத்துவிடும்.

2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 (பாரத் ஸ்டேஜ் என்கிற புகைக் கட்டுப்பாட்டுத் தரம்) வண்டிதான் விற்கிறார்கள், இனிக் கவலையில்லை என்று சிலர் சொல்கிறார்கள். பழைய வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. புதியதிலும் கரியைப் பிடிக்கும் ஃபில்டர் நன்றாகச் சூடேறினால்தான் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும். நிறுத்தி வைத்தே ஓடவிட்டால் அடைத்துக்கொண்டு டேஷ்போர்டில் விளக்கு எரியும்.

அடுத்தது புகைச் சான்று. டீசல் வண்டிக்கு ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்து, புகைமானியில் அளவு எடுக்க வேண்டும். புகையின் அடர்த்தி புகைமானி அளவில் பி.எஸ்.4 வண்டிக்கு 50, அதற்கு முந்தையதற்கு 65 என்பது வரம்பு. நாசில் போய்விட்டது என்று நான் சொல்லி அனுப்பிய வேன் ஒன்று, ரிப்பேர் பார்க்காமலே இரண்டாம் நாள் சான்றோடு ஓடியது. எங்கே வாங்கினார்கள் என்று நான் கேட்கவில்லை. மோட்டார் வாகன ஆய்வாளர்கள் புகைமானியோடு மாதம் இரண்டு நாளாவது கிரீன் சர்க்கிளிலும் காட்பாடி சாலையிலும் நின்று அளந்தால் சான்றின் லட்சணம் தெரிந்துவிடும். பிடிபட்டவர்களுக்கு எடுத்த எடுப்பில் 1988 மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவைக் காட்டி 10,000 ரூபாய் அபராதம் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அபராதம் கட்டிய ஆட்டோக்காரர் நாசில் மாற்றப் பணமில்லாமல் அதே புகையோடுதான் ஓட்டுவார். குறையைச் சரிசெய்து சான்று கொண்டுவர மத்திய மோட்டார் வாகன விதிகள் 116-இல் ஏழு நாள் அவகாசம் இருக்கிறது. முதல் தடவை அதைக் கொடுங்கள், இரண்டாம் தடவை தயவு வேண்டாம்.

வாடகைக் கார்களும் ஆட்டோக்களும் காத்திருக்க ஆஸ்பத்திரி வாசலிலிருந்து நடந்து போகிற தூரத்தில், நிழலுள்ள ஓர் இடம் ஒதுக்கித் தர வேண்டும். வெயிலூர் என்று பெயரெடுத்த ஊரில் நிழல் இல்லாமல் ஏ.சி.யை அணை என்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கடைசியாக, மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தைக் கொண்டு ஐடா ஸ்கடர் சாலையில் ஆள் மூக்கு உயரத்தில் ஒரு வாரம் காற்றை அளக்கச் சொல்லுங்கள். பலகை வைத்தபின் இன்னொரு வாரம் அளக்கட்டும். மார்கழியில் அளந்தால் நல்லது. சுற்றிலும் மலை, பனி இறங்கும் நேரத்தில் புகை மேலே போகாமல் சாலையிலேயே படுத்துக்கிடக்கும். பி.எம்.2.5 நுண்துகள் ஒரு கன மீட்டர் காற்றில் 24 மணி நேரச் சராசரியாக 60 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்பது தேசிய அளவுகோல். நம் சாலை அதற்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதை அங்கேயே எழுதி வையுங்கள்.

மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் அடுத்த கூட்டத்தில் இம்மனுவை எடுத்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். எந்த வண்டியில் என்ன கோளாறு என்று பார்த்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டால் சம்பளமில்லாமல் வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: கைக்குட்டை 1 (துவைக்காதது).