கிணற்றில் இறக்கும் மெழுகுவத்தி

மதுரை
ஏப்ரல் 12

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்ற இடத்தை இவரிடம் இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். என் முழங்கால் இப்போது பரவாயில்லை. மாடிப்படி ஏறும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்கிறேன். பெரியவள் ஆடி மாசம் வருகிறாள்.

கடைசியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருந்தாயே, கிணற்றைத் தூர் வாரப் போகிறோம், மெழுகுவத்தியைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்துவிட்டு ஆளை இறக்குவோம் என்று. அதைப் படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் வரவில்லை. போனில் சொன்னால் காதில் வாங்கியும் வாங்காமலும் ‘சரி சரி’ என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் நீயே ஒன்று செய்து பார். ராத்திரி ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, ஃபேனை நிறுத்திவிட்டு, நன்றாக எரிந்ததும் ஊதி அணை. திரியிலிருந்து வெள்ளை நூல் மாதிரி புகை எழும். எரிகிற தீக்குச்சியைத் திரியில் படாமல், ஒரு விரற்கடை மேலே அந்தப் புகையில் காட்டு. தீ புகை வழியாகவே சர்ரென்று இறங்கித் திரியில் உட்காரும். அந்தப் புகை முழுக்க மெழுகின் ஆவிதான், வெளிக்காற்று பட்டுத் துளித்துளியாக உறைந்தது. கட்டி மெழுகு உருகி, துணியில் தண்ணீர் ஊறுகிற மாதிரி திரியில் ஏறி, சூட்டில் ஆவியாகி, அந்த ஆவி காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எரிகிறது. நாம் சுடர் என்று பார்ப்பது எரிகிற வாயுவைத்தான். மஞ்சளாகத் தெரிவது அதற்குள் பழுத்து ஒளிரும் கரித்தூள்.

1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே மெழுகுவத்தியைப் பற்றி மட்டுமே சிறுவர்களுக்கு ஆறு சொற்பொழிவு ஆற்றினார். வளைந்த கண்ணாடிக் குழாயின் ஒரு முனையைச் சுடரின் நடுவே இருண்ட பகுதியில் வைத்து, உள்ளிருக்கும் ஆவியை மறுமுனைக்கு வரவழைத்து, அங்கே பற்றவைத்துக் காட்டினார். கொல்லர் வீட்டுப் பிள்ளை அவர். எனக்கு அவர் மேல் தனி மரியாதை.

அப்புறம், நம் எட்டாம் வகுப்புச் சோதனை ஞாபகம் இருக்கிறதா? தட்டில் தண்ணீர், நடுவில் மெழுகுவத்தி, மேலே கண்ணாடி டம்ளர். சுடர் அணையும், தண்ணீர் உள்ளே ஏறும். ‘ஆக்சிஜன் முழுவதும் தீர்ந்தது, அந்த ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் தண்ணீர் ஏறியது’ என்று எழுதி மார்க் வாங்கினோம். நானும் டீச்சராகிப் பதினொரு வருஷம் அதையேதான் சொல்லிக்கொடுத்தேன். ஒரு நாள் ஒரு மாணவி மூன்று மெழுகுவத்திகளைச் சேர்த்துவைத்து மூடினாள். தண்ணீர் இன்னும் உயரமாக ஏறியது. ஆக்சிஜன் தீர்வதுதான் காரணமென்றால் ஒன்று வைத்தாலும் மூன்று வைத்தாலும் ஒரே அளவுதானே ஏறவேண்டும்? மறுபடி மறுபடி செய்து கவனித்தோம். டம்ளரைக் கவிழ்க்கும்போதே விளிம்பில் காற்று குமிழ் குமிழாக வெளியேறியது. சுடர் இருக்கும்வரை தண்ணீர் அவ்வளவாக அசையவில்லை. அணைந்த பிறகுதான் குபுக்கென்று ஏறியது. சூட்டில் விரிந்த காற்று வெளியே போய்விடுகிறது, மிச்சம் குளிர்ந்து சுருங்குகிறது, நீராவியும் தண்ணீராகிறது. பெரும்பாலும் அதனால்தான் அந்த ஏற்றம். அந்தப் பதினொரு வருஷப் பிள்ளைகளை நினைத்தால் இன்னும் மனசு உறுத்துகிறது.

காற்றில் ஆக்சிஜன் 21 சதவீதம். அது சுமார் 16-க்கு இறங்கினாலே மெழுகுவத்தி அணைந்துவிடும். இப்போது உன் கிணற்றுக்கு வருகிறேன்.

மெழுகுவத்தி அணைந்தால் ஆளை இறக்கக் கூடாது என்பதில் பெரியவர்கள் சொன்னது சரி. இலை தழை அழுகும்போது ஆக்சிஜன் குறைகிறது, கார்பன் டை ஆக்சைடு வருகிறது. அது காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், அடியிலேயே தங்கிவிடும். ஆனால் அணையாமல் எரிந்தால் எல்லாம் சரி என்று நினைக்கிறீர்களே, அங்கேதான் ஆபத்து. மூடிய இடங்களில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறைந்தால் ஆளை இறக்கக் கூடாது என்பது தொழில்பாதுகாப்பில் வைத்திருக்கும் அளவு. 17, 18-லும் சுடர் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

டீசல் எஞ்சினை உள்ளே திட்டில் இறக்கிவைத்து இறைப்பீர்களே, அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமில்லை, வாசனையில்லை. ஆயிரத்தில் ஒரு பங்கு இருந்தாலே சில மணி நேரத்தில் உயிரை எடுத்துவிடும், சுடரிலோ ஒரு மாற்றமும் தெரியாது. சேற்றிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வரலாம். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் அந்த நாற்றமும் தெரியாது. முக்கியமாக, அது சேற்றைக் கிளறும்போதுதான் மேலே வரும். நீங்கள் மெழுகுவத்தி இறக்குவதோ கிளறுவதற்கு முன்னால். சேற்றில் மீத்தேனும் இருந்தால் மெழுகுவத்தியே அதைப் பற்றவைத்துவிடும். சுரங்கங்களில் இப்படி எத்தனையோ பேர் செத்த பிறகுதான் 1815-இல் ஹம்ஃப்ரி டேவி கம்பி வலை போர்த்திய விளக்கைச் செய்தார்.

அதனால் எஞ்சின் கிணற்றுக்கு வெளியே, புகை உள்ளே திரும்பாத பக்கம் இருக்கட்டும். ஊதுகாற்றாடி வைத்து, குழாயை அடிவரை விட்டுக் காற்றடியுங்கள், வேலை முடியும்வரை நிறுத்த வேண்டாம். வாயு அளக்கும் மீட்டர் வைத்திருக்கும் ஆளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். இறங்குபவர் இடுப்போடு தோளையும் சேர்த்துக் கட்டிய கயிற்றோடு இறங்கட்டும், மேலே இரண்டு பேர் பிடித்திருக்கட்டும். உள்ளே யாராவது மயங்கினால் பின்னாலேயே இன்னொருவர் குதிக்கக் கூடாது. கயிற்றால் இழுங்கள், 101-க்குப் போன் பண்ணுங்கள். காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்தே போய்விடுகிறார்கள், மல்லி.

இதை அண்ணனிடமும் உன் கொழுந்தனாரிடமும் நீயே உட்கார்ந்து படித்துக் காட்டு. காற்றாடி வாடகைக்குக் கிடைக்கவில்லையென்றால் சொல், இங்கே விசாரித்து இவரிடம் கொடுத்தனுப்புகிறேன். வேலை என்றைக்கு என்று முடிவானதும் போன் பண்ணு. நானும் அன்றைக்கு அங்கே இருக்கிறேன்.

அன்புடன்,
வசந்தா