தனி ஒருவராகவா போட்டார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் பொள்ளாச்சி - வால்பாறை சாலையைப் பற்றிய பயணக் கட்டுரையைப் படித்தேன். வரையாட்டுப் படம் அருமை. ஆனால் இந்தச் சாலையை லோம் என்ற வெள்ளைக்காரர் "தனி ஒருவராக" அமைத்தார் என்று எழுதியிருந்ததைப் படித்ததும் காபி ஆறிவிட்டது.

தனி ஒருவராக! கடப்பாரை, மண்கூடை எல்லாம் துரையே சுமந்தாரா என்று கட்டுரையாளரிடம் கேட்டுச் சொல்லுங்கள். 9ஆவது வளைவில் லோம் பெயரில் காட்சி முனை இருக்கிறது, இருக்கட்டும். காடழித்துத் தோட்டம் போட்ட கார்வர் மார்ஷுக்குச் சிலையும் இருக்கிறது, அதுவும் இருக்கட்டும். தோட்டத்துக்கு ஆள் பிடிக்கும் கங்காணியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு மலையேறி வந்து, மலேரியாவில் செத்த சனத்துக்கு என்ன இருக்கிறது? என் தாத்தாவின் அப்பா அப்படி வந்தவர்தான். அவரைப் புதைத்த இடம்கூட எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது.

இது மாநில நெடுஞ்சாலை 78 என்பதும், ஏட்டில் இதன் பெயர் பல்லடம் - கொச்சி எல்லைச் சாலை என்பதும் தாங்கள் அறியாததல்ல. கொச்சி சமஸ்தானம் 1949லேயே திருவிதாங்கூரோடு சேர்ந்துவிட்டது. எல்லை மட்டும் ஏட்டில் நிற்கிறது! சரி, அது கிடக்கட்டும்.

ஆழியாறில் தொடங்கும் 40 கொண்டை ஊசிகள் உங்கள் கட்டுரையாளருக்கு "த்ரில்". எங்களுக்கு அதுதான் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி. 1988இல் என் மனைவிக்கு இடுப்புவலி கண்டபோது, இங்கே முடியாது, பொள்ளாச்சிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். 64 கிலோமீட்டர். எஸ்டேட் ஜீப்பில் ஒரு கையில் டார்ச், மறு கையில் அவள் தலை. பிள்ளை பொள்ளாச்சி வரை பொறுக்கவில்லை, 22ஆவது வளைவிலேயே பிறந்துவிட்டாள். இன்றைக்கும் சொந்தக்காரர்கள் அவளை "இருபத்திரண்டு" என்றுதான் கூப்பிடுகிறார்கள். சிரித்துக்கொண்டே கூப்பிடுகிறார்கள். எனக்கு மட்டும் இன்னும் சிரிப்பு வரவில்லை. அன்று கேட்ட அதே "கீழே கொண்டுபோங்கள்" இன்றும் கேட்கிறது; ஜீப்புக்குப் பதில் ஆம்புலன்ஸ், அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் மண் சரிந்தால் நாங்கள் வழியில் கிடக்க வேண்டும். விடுமுறை நாளிலோ, வளைவில் வண்டியை நிறுத்தி வரையாட்டுக்குச் சிப்ஸ் நீட்டுகிறவர்களுக்குப் பின்னால் நிற்க வேண்டும். ஒருமுறை அப்படிச் சிப்ஸ் நீட்டியவரிடம், இது புலிகள் காப்பகமய்யா, 2007லேயே அறிவித்தார்கள் என்றேன். "புலி எங்கே சார்?" என்று என்னையே கேட்டார். இத்தகையவர்களை இன்னும் நாலு வண்டி கூட்டிவரத்தான் கட்டுரையின் கடைசிப் பத்தியில் "கட்டாயம் போய்வாருங்கள்" என்று அன்போடு அழைத்திருக்கிறீர்கள்.

வாசகன் என்ற உரிமையில் கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த இணைப்பில் ஒரு மூலையில் திருத்தம் போடுங்கள்: லோம் மேற்பார்வை பார்த்தார், சாலை போட்டவர்கள் கூலிகள் என்று. இடமில்லையென்றால் ராசிபலனில் ஒரு ராசியைச் சுருக்கிக்கொள்ளலாம். என் ராசியாக இருந்தாலும் சம்மதம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
வால்பாறை.