கடலோர வீடு பற்றி ஒரு பதில்

மயிலாடுதுறை,
ஆடி 20

அன்புள்ள நண்பனுக்கு,

இங்கு அனைவரும் நலம். முந்தாநாள் பதினெட்டாம் பெருக்கன்று காவிரித் துலாக்கட்டத்தில் நிற்க இடமில்லை. காதோலை கருகமணியை ஆற்றில் விட்டுத் திரும்பும்போதே உனக்கு எழுத நினைத்தேன், இன்றுதான் கைகூடியது.

வேதாரண்யத்துக்கு அருகில் உன் தாத்தா கட்டிய கடலோர வீட்டைத் தங்கும் விடுதியாக மாற்றி, வருபவர்களுக்குப் பலகையில் ஏறி அலைமேல் சறுக்கும் அலைச்சறுக்கு கற்றுத்தர ஏற்பாடு செய்யலாமா என்று கேட்டிருந்தாய். பார்க்காமல் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆகவே மகனையும் அழைத்துக்கொண்டு, சென்னைக்குத் தெற்கே கோவளத்தில் அத்தகைய விடுதி ஒன்றில் நான்கு நாள் தங்கிவிட்டு வந்தேன்.

அறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. சுத்தமான படுக்கையும், மொட்டைமாடியில் ஈரத்துணி காயப்போடக் கொடியும், மதியம் நல்ல மீன்குழம்பும் இருந்தன. வாசற்படியை ஒட்டி, காலில் ஒட்டிய மணலைக் கழுவ ஒரு குழாய் வைத்திருந்தார்கள். நீ எதை மறந்தாலும் அதை மறந்துவிடாதே.

என்னை வியக்கவைத்தவர் கற்றுக்கொடுத்த இளைஞர்தான். அங்குள்ள மீனவக் குப்பத்துப் பிள்ளை. முதல் நாள் காலை பலகையைக் கையில் தராமல், எங்களை அரைமணி நேரம் மணலில் உட்கார்த்திக் கடலைப் பார்க்கச் சொன்னார். பிறகு, "எந்த இடத்தில் இறங்குவீர்கள்?" என்று கேட்டார். வெள்ளையாக நுரைத்து உடையும் அலைகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் கருத்து, அமைதியாகக் கிடந்தது. நான் அதைக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் காய்ந்த தேங்காய் மட்டை ஒன்றை எடுத்து அங்கே வீசினார். அது கரைக்கு வரவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. அலைகள் கரையில் கொண்டுவந்து கொட்டும் தண்ணீர் திரும்பிச் செல்லும் வழி அதுதான் என்றும், அதில் அகப்பட்டவர் கரையை நோக்கி எதிர்த்து நீந்திக் களைத்துப்போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பைவிட்டு வெளியே வர வேண்டும் என்றும் பிறகு விளக்கினார். கடலோர மாவட்டத்தில் ஐம்பது வருடங்களுக்கு மேல் வாழ்ந்த எனக்கு இதை யாரும் சொல்லித் தந்ததில்லை. பூம்புகாரிலும் தரங்கம்பாடியிலும் அமைதியான இடமாகப் பார்த்துப் பிள்ளைகளை இறக்கிவிட்ட நாட்களை நினைத்து அன்றிரவு வெகுநேரம் உறக்கம் வரவில்லை.

அதன்பின் ஒன்பது அடி நீள மென்பலகை, வழுக்காமலிருக்க அதன்மேல் தேய்க்கும் மெழுகு, பலகை நம்மைவிட்டுப் போகாதபடி கணுக்காலில் கட்டும் கயிறு என்று ஒவ்வொன்றாகப் பழகினோம். மூன்றாம் நாள் நுரையலை ஒன்றில் எழுந்து, ஓரிரு நொடி நின்றேன். அந்த மகிழ்ச்சியை எழுதிக் காட்ட என்னால் முடியவில்லை. தம் தகப்பனார் கட்டுமரத்தில் உடையலையைக் கடந்து கரையேறியதும் இதே கணக்கில்தான் என்று அந்த இளைஞர் சொன்னார். எந்த அலையை விடுவது, எதில் ஏறுவது என்ற அந்த அறிவுதான் விடுதியின் மூலதனம் என்பது என் முடிவு.

இனி உன் வீட்டுக்கு வருகிறேன். அலைச்சறுக்கு அங்கே வேண்டாம். தொலைதூரத் தென்கடலில் எழுந்து வரும் நெடிய அலைகளை இலங்கை பெருமளவு மறித்துவிடுகிறது. கோடியக்கரையைத் தாண்டினால் பாக் நீரிணைப் பக்கம் குளம்போல்தான் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடையோடு அலை எழும், ஆனால் அது விருந்தினரை இறக்கும் கடலன்று. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரையைக் கடந்தபோது உன் தென்னந்தோப்பு என்ன ஆயிற்று என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் கோவளத்தில் இல்லாதது உன்னிடம் இருக்கிறது. 1967 முதல் சரணாலயமாக உள்ள கோடியக்கரையில் வெளிமான் மேய்கிறது. பனிக்காலத்தில் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. மேற்கே சென்றால் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. பாமணியாறும் கோரையாறும் கடலைச் சேரும் அந்தக் காயலில், இருபுறமும் வேர்கள் மூச்சுவிட நீட்டிக்கொண்டிருக்கும் சேற்றுக்கு நடுவே படகில் போவதைப் போன்ற அனுபவம் வேறெங்கும் எனக்கு வாய்த்ததில்லை. வனத்துறை அனுமதியை முன்னதாகவே வாங்கிக்கொள்.

வீட்டில் ஒரு செங்கல் கூட்டுவதற்கு முன் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகளை விசாரித்துவிடு. கடல் ஏறும்போது தண்ணீர் எட்டும் உயர் ஓத எல்லையிலிருந்து 500 மீட்டர் வரை அந்த விதிகள் பொருந்தும். வழிகாட்டிகளை வெளியூரிலிருந்து அழைக்காதே. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகில் செல்பவர்கள் வருமானமின்றி இருப்பார்கள். அவர்களோடு இப்போதே உட்கார்ந்து பேசு. கூலிக்கு ஆளாக அல்லாமல் பங்குக்காரர்களாக அவர்கள் சேர்ந்தால் நானும் என்னால் இயன்ற பணத்தைத் தருகிறேன்.

தை பிறந்ததும் நெல் அறுவடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டுப் பத்து நாள் அங்கு வருகிறேன். ஆமைகள் முட்டையிடக் கரையேறும் காலம் அது. இரவில் இருவரும் கரையோரம் நடக்கலாம். பழைய மாடியறையைப் பூட்டி வைத்திருந்தால் திறந்து காற்றாட விடு.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்